போர்ட் இருபத்தைந்து மூடப்பட்டுள்ளது

பாரந்தூக்கிப் பாதுகாப்பு வாரியத்தில் மின்னஞ்சல் வருவதற்கு ஒரு குறையும் இல்லை. ஆய்வாளர் எந்த ஊரில், எந்த லாட்ஜில், எந்தக் கட்டிலில் கிடந்தாலும் தலைமையகத்தின் மின்னஞ்சல்கள் அவரைத் தேடிப் பிடித்துவிடும். குளியலறைக்குள் போனால்கூட விடாது. போவதில்தான் சிக்கல். வருகிற அஞ்சலுக்கு வாரியத்தில் தனிப் பிரிவு கிடையாது, அதனால் அது தானாக வந்துகொண்டிருந்தது. போகிற அஞ்சலுக்கு ஒரு பிரிவு இருந்தது. 'வெளிச்செல்லும் அஞ்சல் பிரிவு' என்று பித்தளைப் பலகை மாட்டி, ஒரு மாடி முழுக்க ஏசி போட்டு, ஆள் வைத்திருந்தார்கள். அதனால் போகவில்லை.

ஆய்வாளர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் கிரேன் ஆய்வாளர். கட்டடம் எழும்புகிற இடம், ரயில் பட்டறை, துறைமுகம் என்று எங்கே கிரேன் நின்றாலும் போய், மேலே ஏறி, கம்பிக் கயிற்றைத் தடவி, கொக்கியைத் தட்டிப் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டியது வேலை. உயரம் என்றால் அவருக்குப் பயம் கிடையாது. லேப்டாப்பைத் திறந்து 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தத்தான் பயம்.

பிரிவு வகுத்து வைத்திருந்த முறை அப்படி. ஆய்வாளர் எந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த இணைப்புக்காரர்களின் வெளிச்செல்லும் சர்வர் பெயரைக் கேட்டு வாங்கி, அமைப்புகளில் மாற்ற வேண்டும். லாட்ஜில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று, கைபேசி இணைப்பில் வேறொன்று. மாற்றுவதற்கு முன் பிரிவின் அனுமதி வேண்டும். அனுமதியை மின்னஞ்சல் அனுப்பித்தான் கேட்க வேண்டும். அந்த மின்னஞ்சலை எந்த வழியாக அனுப்புவது என்பதைக் கையேடு விரிவாக விளக்குகிறது. கையேடு வேண்டுவோர் மின்னஞ்சலில் கேட்டுப் பெறலாம்.

லாட்ஜ் வரவேற்பாளரிடம் அவர் ஒவ்வொரு ஊரிலும் இதே பாட்டைப் பாடுவார்.

"தம்பி, உங்க வைஃபையில வெளிய போறதுக்கு என்ன பேரு?"

"வெளிய போறதுன்னா சாவியை இங்க குடுத்துட்டுப் போங்க சார்."

"நான் போகலைப்பா. மெயில் போகணும்."

"அதுக்கும் சாவி இங்கதான் சார் இருக்கணும்."

இந்த முறை அவர் போனது ஒரு துறைமுகத்துக்கு. அங்கே கப்பல் வந்து நிற்கிற ஒவ்வொரு மேடைக்கும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ 'போர்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். போர்ட் ஒன்று, போர்ட் இரண்டு என்று ஆரம்பித்து முப்பது வரை போகும். மொத்தத் துறைமுகத்துக்கும் உள்ள பெயர் ஒரு மேடைக்கு எப்படிப் பொருந்தும் என்று ஆய்வாளர் கேட்டார். "பழகிடுச்சு சார்" என்றார்கள். பழகிப்போனதைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை, விட்டுவிட்டார்.

போர்ட் இருபத்தைந்தில் இருந்த பெரிய கிரேனின் கொக்கியைக் கீழே இறக்கச் சொல்லி, அதன் கழுத்தில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளைத் திரவம் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். கொக்கி நன்றாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். விரிசல் இருந்தால் அதற்குள் பதுங்கிய சாயம் மெல்லக் கசிந்து வெளியே வரும். வந்தது. தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, கழுத்தைப் பாதி சுற்றி ஓடியது.

கிரேனுக்குக் கீழே நின்று ஓட்டுநருக்குச் சைகை காட்டுகிறவன் எட்டிப் பார்த்தான். அவனை எல்லோரும் கைகாட்டி என்றே கூப்பிட்டார்கள். அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாளாம், அவனே பெருமையாகச் சொன்னான்.

"என்ன சார், செகப்பா கோடு போட்டிருக்கீங்க?"

"நான் போடலைப்பா. உள்ள இருந்து வந்தது. நாளைக்கு இதுல எதைத் தூக்கப்போறீங்க?"

"ஜெனரேட்டர் சார். ஒரு வீட்டுக்குப் பெரிசு."

"அப்போ நீ எங்க நிப்பே?"

"கீழதான். நான் மேல நின்னா கொக்கி எங்க போகுதுன்னு யாரு பாக்கறது?" என்று கைகாட்டி சிரித்தான். தான் இல்லாவிட்டால் கப்பலே கரைக்கு வராது என்பது போல ஒரு சிரிப்பு. ஆய்வாளருக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நேரே தள மேலாளரின் அறைக்குப் போனார். மேலாளர் நல்ல மனிதர்தான், நாற்காலி எடுத்துப் போட்டார், சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"உங்க வாரியத்துல இருந்து தடை உத்தரவு மெயில்ல வரட்டும் சார், அடுத்த நிமிஷம் கிரேனை நிறுத்தறேன். வராம நிறுத்தினா கம்பெனி என்னை நிறுத்திடும்."

உத்தரவு வர வேண்டுமானால் அறிக்கை போக வேண்டும். தொலைபேசியில் சொன்னால் வாரியத்தின் கணக்கில் அது 'பேச்சு'. படம் எடுத்து அனுப்பினால் 'காட்சி'. எழுதிக் கொடுத்தால் 'காகிதம்'. மின்னஞ்சலில் வந்தால் மட்டுமே 'தகவல்'. தகவல் இல்லாமல் வாரியம் எழுந்து நிற்காது.

ஆய்வாளர் துறைமுக வைஃபையில் முயன்றார். 'உங்கள் அஞ்சலை அனுப்ப இயலவில்லை' என்று வந்தது. கைகாட்டி தன் கைபேசி இணைப்பைப் பெரிய மனதோடு கொடுத்தான். இயலவில்லை. லாட்ஜுக்கு ஓடினார். இயலவில்லை என்பதோடு, 'நீங்கள் குறுகிய நேரத்தில் பல இடங்களிலிருந்து முயல்கிறீர்கள். நீங்கள் நீங்கள்தான் என்பதை உறுதிசெய்ய உங்கள் அலுவலக மேசைத் தொலைபேசிக்கு ஓர் எண் சொல்லப்பட்டுள்ளது' என்றும் வந்தது. அங்கே அவருடைய பூட்டிய அறையில் தொலைபேசி மணியடித்து, யாருமில்லாத நாற்காலியிடம் எண்ணைச் சொல்லிவிட்டு ஓய்ந்திருக்கும்.

'என் கிரேன் இது. இதன் கொக்கி கெட்டுப்போயிருக்கிறது' என்று மேலாளர் தன் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாமே என்றும் ஆய்வாளர் கேட்டுப் பார்த்தார். "என் கழுத்துல நானே கொக்கியை மாட்டிக்கறதா?" என்றார் மேலாளர். அதிலும் நியாயம் இருந்தது. இந்த விவகாரத்தில் எல்லோரிடமும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை.

கடைசியில் ஆய்வாளர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வெளிச்செல்லும் அஞ்சல் பிரிவின் அதிகாரியையே தொலைபேசியில் பிடித்தார்.

"ஐயா, அவசரமா ஒரு அறிக்கை அனுப்பணும், போகமாட்டேங்குது."

"போகாது சார்" என்றார் பிரிவு அதிகாரி, குழந்தைக்கு உடம்பு தேறிவிட்டது என்று சொல்லும் டாக்டரைப் போல. "நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். மெயில் அனுப்பறதுக்கு எதுக்கு ஒரு பிரிவு? அது பொத்தானை அழுத்தினா போயிடும். தப்பான மெயில் போயிடக் கூடாதுன்னுதான் நாங்க இருக்கோம். போன வருஷம் பூரா எங்க பிரிவுல இருந்து ஒரு தப்பான மெயில் போகல. விருது குடுத்தாங்க."

"சரியான மெயில் எத்தனை போச்சுங்க?"

"அதுவும் போகல. எது சரி எது தப்புன்னு போனப்புறம்தானே தெரியும்? அந்த ஆபத்துல நாங்க இறங்கறதே இல்ல."

"ஐயா, ஒரு ஆள் உயிர் விஷயம்."

"அப்படின்னா தலைப்புல 'அவசரம்'னு போட்டு அனுப்புங்க. சரி, உங்களுக்காகப் பார்க்கறேன். எந்த போர்ட்ல இருந்து சார் பேசறீங்க?"

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் வாரியம் அவரிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி இது என்று அவருக்குப் பட்டது.

"போர்ட் இருபத்தஞ்சுங்க."

"இருபத்தஞ்சா? அதை மூடியாச்சே!"

"மூடியாச்சா?"

"ஆபத்தானதுன்னு மேலிடமே மூடச் சொல்லிடுச்சு. அது வழியா ஒரு துரும்பு போகாது, வராது. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். பிரிவு அதிகாரியின் பணிக்காலத்தில் யாரும் அவரை அப்படி வாழ்த்தியதில்லை. அவர் கொஞ்சம் குழம்பி, "நன்றி, மெயில்ல அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கணினிக்காரர்கள் மின்னஞ்சல் வெளியேறும் வாசலுக்கும் போர்ட் என்றுதான் பெயர் வைத்து, எண்ணும் போட்டிருக்கிறார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியாது. கப்பல் நிற்கும் மேடையை யாராவது போர்ட் என்பார்கள் என்று பிரிவு அதிகாரி கனவிலும் நினைக்கவில்லை. ஆக, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்ட திருப்தியோடு படுக்கப் போனார்கள். ஆய்வாளர் மனைவியைக் கூப்பிட்டு, "வாரியத்தைப் பத்தி எப்பவும் திட்டிக்கிட்டே இருப்பேன்ல, பாவம், அவங்களும் மனுஷங்கதான்" என்றுகூடச் சொன்னார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று அவள் கேட்டாள்.

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு, போகிற வழியில் கைகாட்டியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று துறைமுகத்துக்கு வந்தார். போர்ட் இருபத்தைந்தில் கப்பல் நின்றது. மேடையில் இருந்த ஜெனரேட்டர் பெட்டியைச் சுற்றிக் கம்பிக் கயிறு கட்டியாகிவிட்டது. கொக்கி அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் கைகாட்டி அண்ணாந்து பார்த்தபடி விரலைச் சுழற்றி, 'வா, வா' என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆய்வாளர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஓடிப்போய்க் கொக்கிக்கு எதிரே நின்று வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினார், உள்ளங்கை தரையைப் பார்க்க.

கிரேன் நின்றது.

கிரேன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்கிற சைகைகளைக் கைகாட்டி காட்டினால்தான் ஓட்டுநர் மதிப்பார். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் காட்டினாலும் மதித்தே ஆக வேண்டும். வழிப்போக்கன் காட்டினாலும் சரி, திருடன் காட்டினாலும் சரி. அந்தத் துறைமுகத்தில் காட்டிய கை இறங்குகிறவரை கிரேன் அசையாது. சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், கைதான் வேண்டும்.

ஆனால் இறங்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

இடது கையால் கைபேசியைத் தடவி அவர் மறுபடியும் பிரிவு அதிகாரியைப் பிடித்தார்.

"ஐயா, இருபத்தஞ்சை மூடிட்டோம்னு சொன்னீங்களே!"

"மூடித்தான் இருக்கு. இன்னுமா அதுலயே நிக்கறீங்க? ஐநூத்தி எண்பத்தேழுக்குப் போங்க, அது திறந்திருக்கு."

"இங்க மொத்தமே முப்பதுதாங்க இருக்கு!"

"ஓய்வெடுங்க சார்" என்று கனிவாகச் சொல்லி அதிகாரி வைத்துவிட்டார்.

வெயில் ஏறியது. கை வலித்தால் ஆய்வாளர் இடது கையை நீட்டிவிட்டு வலது கையை இறக்கிக்கொள்வார். கைகாட்டி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அதன் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தான். சும்மா இருக்கிற கையால் ஆய்வாளர் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். இயலவில்லை, இயலவில்லை, இயலவில்லை.

"நான் காட்டறேன் சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றான் கைகாட்டி.

"நீ காட்டினா உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டு இன்னொருத்தனைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. என்னை அனுப்ப அவங்களால முடியாது. அந்த ஒரு அதிகாரம்தான்பா எனக்கு இருக்கு."

மேலாளர் வந்து கெஞ்சிப் பார்த்தார், கப்பலின் வாடகை ஏறுகிறது என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அறைக்குப் போய் வாரியத்துக்குப் புகார் ஒன்றைத் தட்டினார். அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர், அதனால் அவருடைய மின்னஞ்சல் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. 'தங்கள் ஆய்வாளர் காலையிலிருந்து கை நீட்டிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு சொல்லியும் கையை மடக்க மறுக்கிறார்' என்று எழுதியிருந்தார்.

கை நீட்டுகிறார் என்றதும் வாரியம் எழுந்து நின்றது. கொக்கி விழுந்தால் ஒரு ஆள்தான் போவான். லஞ்சம் என்றால் பெயர் போய்விடும். அதுவும், அதே ஆய்வாளர் முந்தின நாள் காரணமில்லாமல் வாழ்த்தினார் என்றும், இன்றைக்கு முப்பது என்று ஏதோ கணக்குச் சொன்னார் என்றும் பிரிவு அதிகாரியே குறித்து வைத்திருந்தார். ஆகவே அவரையே மதிய விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் தன் மாடியை விட்டு வெளியூர் போவது அதுதான் முதல் தடவை.

வந்து இறங்கியதும் மேலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்வளவு கேக்கறார்?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலைங்க. சும்மா நீட்டிக்கிட்டு நிக்கறார்."

"அது இன்னும் ஆபத்து. எவ்வளவு வேணும்னாலும் வாங்கலாம்னு அர்த்தம்."

போர்ட் இருபத்தைந்துக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். 'போர்ட் 25' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தார். ஆய்வாளர் சொன்ன இருபத்தைந்து எது என்று அவருக்கு மெல்ல உறைத்தது. ஆய்வாளர் மோவாயால் கொக்கியைக் காட்டினார். அதிகாரி போய், கை எட்டும் உயரத்தில் நின்றுவிட்ட கொக்கியில் வெள்ளைப் பூச்சின் மேல் ஓடிய கோட்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் சிவந்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்தார், போகவில்லை.

"இது விழுந்துடும்போல இருக்கே" என்றார் மெதுவாக.

"அதைத்தாங்க நேத்துல இருந்து சொல்றேன்."

"இதுக்கு அடியில யாரு நிப்பாங்க?"

"நான்தான் சார்" என்றான் கைகாட்டி, வணக்கம் வைத்து.

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. கெட்டவர் இல்லை அவர். ஒரு கொக்கியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தரையிலேயே உட்கார்ந்து தன் லேப்டாப்பைத் திறந்தார். 'ஆய்வாளர் சொல்வது உண்மை. உடனே தடை உத்தரவு அனுப்பவும்' என்று மடமடவெனத் தட்டி, பொத்தானை அழுத்தினார்.

'உங்கள் அஞ்சலை அனுப்ப இயலவில்லை.'

ஐநூற்று எண்பத்தேழுக்கு மாற்றினார். இயலவில்லை. தன் பிரிவையே தொலைபேசியில் கூப்பிட்டார். உதவியாளர் எடுத்தார்.

"ஐயா, நீங்க வெளியூர்ல இருக்கீங்க. அனுமதி கேட்டு ஒரு மெயில் அனுப்புங்க ஐயா."

"யோவ், அந்த விதியை எழுதினதே நான்தான்யா!"

"தெரியும்ங்க ஐயா. அதான் யார் மீறினாலும் விடாதேன்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க. விலக்கு வேணும்னா உங்க அனுமதி வேணும், எழுத்துல."

"குடுத்துட்டேன்!"

"இது பேச்சுங்க ஐயா."

அதிகாரி கைபேசியை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். ஆய்வாளருக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. வாய் வரவில்லை. தோளிலிருந்து விரல் வரைக்கும் நெருப்பாக எரிந்தது.

அப்போது ஸ்டூலின் மேலிருந்த லேப்டாப் 'டிங்' என்றது. வருவதற்குத்தான் ஒரு குறையும் இல்லையே. மேலாளர் குனிந்து உரக்கப் படித்தார்.

"'தாங்கள் அனுமதியின்றிக் கை நீட்டி வருவது கவனத்துக்கு வந்துள்ளது. நீட்டிய கை என்பது வெளிச்செல்லும் தகவல் ஆகும். வெளிச்செல்லும் தகவல் எதுவும் இப்பிரிவின் வழியாகவே செல்ல வேண்டும். கையை உடனடியாக இறக்கவும். இறக்குமுன் அதனை மின்னஞ்சல் மூலம் இப்பிரிவுக்கு உறுதிப்படுத்தவும். இப்படிக்கு, பிரிவு அதிகாரி.'"

எல்லோரும் பிரிவு அதிகாரியைப் பார்த்தார்கள்.

"நான் எழுதலை. தானா போற கடிதம் அது. என் கையெழுத்தை உள்ள போட்டு வெச்சிருக்கோம்."

மேலாளர் மட்டும் உற்சாகமாகிவிட்டார். "உத்தரவு மெயில்லயே வந்திடுச்சு சார்! கையை இறக்குங்க!"

ஆய்வாளர் அந்தக் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மேலாளர் படித்தார். இறக்குமுன் மின்னஞ்சல் மூலம் உறுதிப்படுத்தவும்.

"உறுதிப்படுத்தாம இறக்கினா விதிமீறல் ஆயிடும்ங்க" என்றார் ஆய்வாளர். "அந்த மெயில் போகட்டும், அடுத்த நிமிஷம் இறக்கிடறேன்." முந்தின நாள் மேலாளர் சொன்ன அதே பேச்சு அது.

மேலாளரே அந்த உறுதிக் கடிதத்தைத் தட்டி, பொத்தானை அழுத்தினார். லேப்டாப்பில் 'அனுப்பப்படுகிறது' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பிரிவு அதிகாரி, அது போய்விடக் கூடாதே என்று எப்போதும் போலவே மனதாரப் பிரார்த்தித்தார். இந்தத் தடவை மட்டும் அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஆய்வாளரின் கை தளர்ந்தது. தோளிலிருந்து இம்மியளவு இறங்கியது. மேலே கூண்டுக்குள்ளிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். கைகாட்டி ஓடிவந்து முழங்கைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்து முட்டு நின்றான். சரியாகக் கொக்கிக்கு நேர் கீழே.

"நீ தள்ளி நில்லுப்பா" என்றார் ஆய்வாளர்.

"நான் தள்ளினா உங்க கை விழுந்திடும் சார்" என்றான் கைகாட்டி.